குடை சொன்ன பாலம்

மருந்துக்கடைக்காரிக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை. கடை முழுக்க வயிற்றுக்கு மாத்திரை அடுக்கியிருந்தும் ஒன்றும் வேலைக்கு ஆகாது என்று அவளுக்கே தெரியும். அது சாப்பாட்டால் வந்த கோளாறு இல்லை. அன்றைக்கு வக்கீலாக இருப்பது அவள் முறை.

கறுப்புக் கோட்டு வக்கீல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'ஆறு தாண்டி' என்று ஒரு கணினி விளையாட்டு உண்டு. ஒரு நாடு, நடுவே ஓர் ஆறு. மேற்குக் கரையில் ஊர்கள், கிழக்குக் கரையில் காடும் இடிந்த கோட்டைகளும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இங்கிருந்து அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விளையாடுகிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் விட முடியாது.

ஆற்றைக் கடக்க இருப்பது ஒரே ஒரு படகு. அது நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். காத்திருக்கிற நேரத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். முதலில் விளையாட்டை நடத்தும் கம்பெனியைத் திட்டினார்கள், பிறகு தங்கள் மேலதிகாரியைத் திட்டினார்கள், பிறகு மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள். இப்படிப் பேசிப் பேசியே விளையாட்டுக்கு வெளியே இணையத்தில் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. அதற்குத் 'துறை' என்று பெயர். மருந்துக்கடைக்காரிக்கு அங்கே 'மாத்திரை' என்று பட்டம். வைத்தது யாரென்று நினைவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது.

துறையில் ஒரு வழக்கம். யாரை வெளியேற்றுவதானாலும் அவருக்காக வாதாட ஒருவர் வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டு நிரப்பினார் என்று ஒருவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அவர் வீட்டுப் பூனை விசைப்பலகையின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறது. எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து முறைவைத்து ஆளுக்கொரு தடவை வக்கீல். வக்கீல் குற்றம் சாட்டப்பட்டவரோடு வாயால் பேசியாக வேண்டும், எழுத்தில் பேசினால் செல்லாது, எழுத்துக்குத் தொண்டை கிடையாது என்பது அவர்கள் கட்சி. இன்னொன்று, கூட்டம் கேட்கும் கேள்விக்கு வக்கீல் பொய் சொல்லக் கூடாது. மாத்திரை ஒருமுறை மெத்தைக்கடை விளம்பரமாகப் போட்டுத் தொல்லை கொடுத்த ஆளுக்காக வாதாடினாள். இனிமேல் போட மாட்டாரா என்று கேட்டார்கள். போடுவார் என்று உண்மையைச் சொல்லித் தோற்றாள்.

இந்தத் தடவை மாட்டியிருந்தது 'குடை'. விளையாட்டில் எப்போதும் குடையோடு திரிவதால் அந்தப் பெயர். வருஷக்கணக்காகத் துறையில் இருக்கிற ஆள். புதிதாக வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் வழி சொல்கிறவர். அவர் செய்த தப்பும் அப்படி வழி சொன்னதுதான்.

'புதுசு' என்று ஒரு சமையல்காரம்மா. மணிக்கட்டில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர், ஒற்றைக் கையால் விளையாட வந்தார். படகு வரவே மாட்டேன் என்கிறதே, வேறு வழி உண்டா என்று கேட்டார். குடை பதில் போட்டார்: "வடக்கே போங்க. பெரிய மரம் ஒண்ணு சாஞ்சு கிடக்கும். பக்கத்துலயே பலகைப் பாலம். நடுவுல ஒரு பலகை ஆடும், பயப்படாதீங்க."

புதுசு போனார். மரமும் இல்லை, பாலமும் இல்லை. ஒரு நாள் முழுக்கக் கரையோரம் அலைந்து, தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்து, பாலம் எங்கே என்று துறையில் வந்து பரிதாபமாகக் கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு, மீசை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாழ்க்கையில் பாதியைச் சிக்னலில் கழித்த மனிதர், அவருக்குக் காத்திருப்பதென்றாலே ஆகாது. கம்பெனி எந்த அறிவிப்பு போட்டாலும் அதன் கீழே 'பாலம் எப்போ?' என்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கம்பெனியும் கம்பெனிதான். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று அறிவிப்பு ஆரம்பித்தால் ஏதோ ஒன்றைப் பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒருமுறை மேம்படுத்தியதில் படகுக்குப் பெயர் வைக்கும் வசதி போயிற்று. இன்னொரு முறை மழை போயிற்று. மழையை எடுத்த பிறகும் குடை அந்தக் குடையைக் கீழே வைக்கவில்லை. பாலம் மட்டும் வந்தபாடில்லை.

மீசை சொன்ன நியாயம் இதுதான். சும்மா கதை விடுகிறவன் பாலம் இருக்கிறது என்பான். நடுவில் ஒரு பலகை ஆடும் என்று சொல்ல வேண்டுமானால் அதன்மேல் நடந்திருக்க வேண்டும். நமக்கு வராத பாலத்தில் நடக்கிறவன் யார்? கம்பெனிக்காரன். பழுது பார்க்க விளையாட்டை எப்போது நிறுத்தி வைப்பார்கள் என்பதும் இந்த ஆளுக்கு முன்கூட்டியே தெரிகிறது. ஆக, நம் நடுவில் உட்கார்ந்து நாம் பேசுவதை ஒட்டுக் கேட்டுக்கொண்டு, பாலத்தையும் ஒளித்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். வெளியே தள்ளுவது மட்டும் போதாது, விஷயத்தை எல்லாக் குழுக்களிலும் போட்டு நாறடிக்க வேண்டும் என்று மீசை ஒற்றைக்காலில் நின்றார். அன்று சாயங்காலம் ஓட்டு.

மாத்திரைக்கும் ஆத்திரம்தான். மாமியாரின் ஆபரேஷன் நாளில் பயந்துபோய் அவள் எழுதியதற்கெல்லாம் ஆறுதல் சொன்ன ஆள் இந்தக் குடை. அதையும் கம்பெனிச் சம்பளத்துக்குத்தான் செய்தானா என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்குப் போய் நான் வாதாடுவதா என்று கணவனிடம் புலம்பினாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அந்த மனிதர், உன் கட்சிக்காரன் ஜெயிக்காவிட்டாலும் ஃபீஸை மட்டும் முதலில் வாங்கிவிடு என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்தபோது, குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து குடைக்கு போன் போட்டாள். நாக்கில் தேன் தடவிய ஒரு கம்பெனிப் பேச்சை எதிர்பார்த்திருந்தாள். எடுத்த குரலோ மூன்றாம் பேருக்குக் கேட்கக் கூடாதென்று பயப்படுகிற குரல். அவள் எடுத்த எடுப்பிலேயே பிடி பிடியென்று பிடித்தாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவன், "ஆமாக்கா, நான் கம்பெனி ஆள்தான்," என்றான்.

அந்த விளையாட்டில் மண்ணும் கல்லும் மரமும் செய்து போடுவது அவன் வேலை. தொடக்கத்தில் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத்தான் துறைக்கு வந்தானாம். யாரும் அனுப்பவில்லை, தெரிந்தால் ஆபீசிலேயே திட்டு விழும். வந்தவன் பேச்சில் கலந்து அப்படியே இருந்துவிட்டான். மீசையின் 'பாலம் எப்போ?' அவன் மண்டையில் ஏறிக்கொண்டது. மேலிடத்தில் கேட்டான். ஆட்கள் காத்திருக்கிற நேரத்தில்தான் விளம்பரம் பார்க்கிறார்கள், பாலம் எதற்கு என்றார்கள். சாப்பாட்டு இடைவேளைகளில் தானாகவே உட்கார்ந்து, சோதனைக்கென்று வைத்திருந்த கணினியில் பாலத்தைக் கட்ட ஆரம்பித்தான். கட்டி முடித்துக் காட்டினால் மனசு மாறுவார்கள் என்று ஒரு நப்பாசை.

மாறவில்லை. இப்போது ஆபீசில் எல்லாரையும் போனில் விளையாடுகிற வேறொரு விளையாட்டின் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் நிலமெல்லாம் இயந்திரமே போட்டுவிடும்; மலை வேண்டும் என்று எழுதினால் மலை வந்து நிற்கும். இயந்திரத்தின்மேல் உனக்குக் கோபமா என்று அவள் கேட்டாள்.

"அதுமேல என்னக்கா கோபம்? மலை நல்லாத்தான் போடுது. ஆனா அந்த மலைக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரு, அவருக்கு மூட்டுவலின்னு அதுகிட்ட யாரும் சொல்லல."

தினமும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. புதுசு வழி கேட்டபோது எந்த ஆற்றங்கரையில் நிற்கிறோம் என்பதே மறந்து கை தானாக எழுதிவிட்டது. 'ஆறு தாண்டி' ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் புதிதாக ஒரு செங்கல்கூட வராது. பாலம் இருக்கிற அந்தக் கணினியையும் அன்று சாயங்காலம் துடைத்து வேறு வேலைக்குக் கொடுக்கப் போகிறார்கள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றாள் இவள். எடுத்தால் அது திருட்டு, கம்பெனி சொத்து என்றான்.

மாத்திரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை அப்படியே சாயங்காலம் சொல்லிவிட்டால் போதுமே, மீசை உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவாரே என்றாள். அவன் அலறிவிட்டான். வெளியே வராத ஒன்றைப் பற்றி மூச்சு விட்டாலும் வேலை போய்விடும். மனைவிக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை, வீடு அவன் ஒருவன் சம்பளத்தில்தான் ஓடுகிறது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள் அக்கா என்று கெஞ்சினான். கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது புரிந்தது. கட்சிக்காரன் பக்கம் இருக்கிற ஒரே நல்ல வாதத்தை வாய்க்குள் போட்டு விழுங்கியாக வேண்டும்.

போனை வைக்கப் போகும்போது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, இங்க எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. பாக்குறீங்களா?"

வீடியோவுக்கு மாற்றினான்; அவன் முகம் தெரிவதற்கு முன்பே கணினித் திரை தெரிந்தது. வடக்கே நடந்தான். மரம் சாய்ந்து கிடந்தது, வேரோடு பிடுங்கிக்கொண்டு விழுந்த மரம், வேரில் மண்கூட ஒட்டியிருந்தது. பக்கத்தில் பாலம். ஒன்றும் பிரமாதமில்லை, கயிறும் பலகையும்தான். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறம், யாரோ கிடைத்ததை வைத்து அடித்த மாதிரி. நடுவில் ஒரு பலகை சட்டென்று ஆடியது. மாத்திரை தன்னை அறியாமல் குளுக்கோஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவன் நடுப்பாலத்தில் நின்று, குடையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினான். இரண்டு கரையும் தெரிந்தன. தூரத்தில் படகுத்துறை. அங்கே இத்தனை வருஷம் நின்று இவர்கள் பேசிய பேச்சு என்ன, அடித்த லூட்டி என்ன. இங்கிருந்து பார்த்தால் அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"நீங்கதான்க்கா முதல் ஆள்," என்றான் அவன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விளையாட்டில் இருக்கிற நாலு பலகைக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் நிற்கவில்லை. கடை வாசலில் யாரோ இருமல் மருந்துக்குக் குரல் கொடுத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ விபரீதம் என்று புரிந்துகொண்டார். என்ன என்று கேட்கவில்லை. அவளோடு வேலை பார்க்கிற அம்மா மருந்து எடுத்துக் கொடுக்க, இவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் கடைக்காரம்மா கோர்ட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் ஏதோ சொத்துத் தகராறு போல என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

பின்னறையில் மாத்திரை போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துறையில் ஏகப்பட்ட கூட்டம். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத தலைகளெல்லாம் சண்டை என்றதும் வந்து சேர்ந்திருந்தன. மீசை தன் நியாயத்தைப் புள்ளி பிசகாமல் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்கே அவர் கட்சிதான் சரி என்று தோன்றியது, அவ்வளவு சரியாகப் பேசினார். சரியாகத்தானே பேசுகிறார், பாவி மனுஷன்.

அவள் முறை வந்தது. அவன் யார், எங்கே வேலை பார்க்கிறான் என்பதையெல்லாம் தொடவே இல்லை. கம்பெனியின் கையாள் என்றால் கம்பெனிக்குச் சாதகமாக ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டுமே, காட்டுங்கள் என்றாள். ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். கிடைத்ததெல்லாம் வேறு. மழையை எடுத்தபோது கம்பெனிக்கு மூளையே இல்லை என்று எழுதியிருந்தது குடை. விளம்பரம் வந்தபோது இவர்கள் உருப்பட மாட்டார்கள் என்று எழுதியதும் குடை. மீசை உட்பட யாரும் கம்பெனியை இந்தக் கிழி கிழித்ததில்லை. ஆபீசில் வாயைத் திறக்க முடியாதவன் இங்கே வந்து கொட்டியிருக்கிறான் என்பது மாத்திரைக்கு மட்டும் புரிந்தது. மற்றவர்கள் குழம்பிப் போனார்கள். நம்மைக் கிளறி விடுவதற்காக அப்படித் திட்டியிருப்பான் என்றார் ஒருவர். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை.

புதுசும் ஒற்றைக் கையால் தட்டித் தட்டி ஒரு சாட்சி சொன்னார். பாலம் இல்லை என்று தெரிந்த பிறகு குடை தானே வந்து, படகு வரும்வரை பக்கத்தில் நின்றாராம். கட்டுப் போட்ட கைக்கு விரல் பயிற்சி சொல்லிக் கொடுத்தாராம். வழி தப்பாகச் சொன்னதற்கு ஓயாமல் மன்னிப்புக் கேட்டாராம், போதும் நிறுத்துங்கள் என்று இவரே அதட்ட வேண்டி வந்ததாம்.

கூட்டம் இளகுவது தெரிந்தது. மீசைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மாத்திரை, நீ வக்கீல். அவன்கிட்ட வாயால பேசியிருக்க. எனக்கு ஒரே கேள்விதான். பாலம் இருக்கா, இல்லையா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு மதியத்திலிருந்தே தெரியும். இருக்கிறது என்றால் அவன் வேலை போகும். இல்லை என்றால் பொய். மெத்தைக்கடைக்காரனுக்குச் சொல்லாத பொய்யைக் குடைக்குச் சொல்லலாமா? சொல்லிவிடுவதென்றுதான் முடிவு செய்திருந்தாள். துறையின் ஒரே நல்ல வழக்கத்தைத் தன் கையால் கெடுக்கிறோம், அடுத்து யாருக்கு யார் வாதாடினாலும் இந்தப் பொய் நடுவில் உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்தேதான் முடிவு செய்திருந்தாள். எழுதவும் விரலை வைத்தாள்.

அப்போது மேலே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. குடை அவளுக்கு மட்டும் அனுப்பியது.

"போச்சுக்கா. துடைச்சிட்டாங்க."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துறையில் எல்லாரும் காத்திருந்தார்கள், வக்கீல் எங்கே போனார் என்று ஒருவர் கேட்டார். வேரில் ஒட்டியிருந்த மண் ஞாபகம் வந்தது. இனி எந்தக் கணினியிலும் அந்த மரம் இல்லை.

"இல்லண்ணே. பாலம் இல்ல," என்று எழுதினாள்.

அது சத்தியமான உண்மை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. மீசை, வக்கீல் சொல்லிவிட்டால் சரி என்று மட்டும் போட்டார். ஓட்டில் குடை தப்பித்தான். ஆளாளுக்குச் சிரிப்புப் படம் போட்டு, புதுசுக்கு வேறு பாலம் எல்லாம் சொல்லிக் கலாய்த்து, கூட்டம் கலைந்தது. வாசலில் இருந்த கணவர் உள்ளே தலையை நீட்டி, ஜெயித்தாயா என்றார். ஜெயித்தேன் என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மறுநாள் மதியம் அவள் விளையாட்டுக்குள் போனபோது படகு வழக்கம்போல் அக்கரையில் நின்றிருந்தது. படகுத்துறையில் புதுசு, இரண்டு மூன்று பழைய ஆட்கள், ஓரமாகக் குடை. மழை இல்லாத வானத்துக்குக் கீழே குடையை விரித்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் அதை லேசாகத் தாழ்த்தினான்.

மீசை வந்து அவள் பக்கத்தில் நின்றார். மற்றவர்களுக்குத் தெரியாமல் அவளுக்கு மட்டும் எழுதினார். நேற்றுக் கேட்டது வக்கீலிடம், இப்போது கேட்பது உன்னிடம் என்று ஆரம்பித்தார். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். இத்தனை வருஷம் கேட்டவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்றார்.

"ஒருவேளை இருந்திருந்தா, எப்படி இருந்திருக்கும்?"

அவள் குடையைப் பார்த்தாள். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பலகைப் பாலம்ண்ணே. பலகை ஒவ்வொண்ணும் ஒரு நிறமா இருந்திருக்கும். நடுவுல நின்னா ரெண்டு கரையும் தெரிஞ்சிருக்கும்."

மீசை இன்னொன்றும் கேட்டார்.

"பஸ் போயிருக்குமா?"

"போயிருக்காதுண்ணே. நடந்துதான் போகணும்."

"பரவால்ல. நடந்தே போயிருப்பேன்," என்று எழுதிவிட்டு மீசை குடையின் பக்கத்தில் போய் நின்றார். அக்கரையிலிருந்து படகு கிளம்பியிருந்தது.